எலிக்கும் விலை இருந்தது

1519 செப்டம்பர் 20. ஸ்பெயின் நாட்டின் சான்லூகர் துறைமுகத்திலிருந்து 5 கப்பல்கள் கிளம்பின. தலைவர் மெகல்லன், போர்ச்சுக்கல்காரர். ஸ்பானியக் கேப்டன்களுக்கு அதுவே முதல் எரிச்சல்.

தென் அமெரிக்காவின் சான் ஹூலியானில் குளிர்காலத்தைக் கழிக்க நங்கூரம் பாய்ச்சியபோது கலகம் வெடித்தது. 3 கப்பல்கள் எதிரணியில். மெகல்லன் இரக்கமின்றி ஒடுக்கினார். ஆனால் சுமார் 40 பேருக்கு விதித்த மரண தண்டனையை ரத்து செய்தார். கருணை என்பதைவிடக் கணக்கு என்று சொல்லலாம். பாய் இழுக்க ஆள் வேண்டுமே!

பிறகு பசிபிக். 3 மாதம் 20 நாள் புதிய உணவே இல்லை. உடன் சென்ற பிகஃபெத்தா எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். பிஸ்கட் புழுத்துத் தூளாகி, எலி மூத்திரம் நாறியது. பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலை நான்கைந்து நாள் கடல்நீரில் ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்றார்கள். ஓர் எலியின் விலை அரை டூக்கட் பொற்காசு. அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. ஈறு வீங்கி, மெல்ல முடியாமல் பலர் மாண்டார்கள்.

1521 ஏப்ரலில், பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில், உள்ளூர்ப் பகையில் வலியத் தலையிட்ட மெகல்லன் கொல்லப்பட்டார்.

எஞ்சிய கப்பலான 'விக்டோரியா'வை ஊர் சேர்த்தவர் எல்கானோ. சான் ஹூலியானில் கலகம் செய்து மன்னிப்புப் பெற்ற அதே ஆள்! 1522 செப்டம்பர் 6 அன்று கப்பல் நிறையக் கிராம்போடு வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 240.

எல்கானோ மீண்டும் கடலுக்குப் போனார். 1526இல் அதே பசிபிக்கில் இறந்தார்.