சம்மன் வந்தால்

படாளத்தில் கரும்பு பயிரிடும் நண்பர் ஒருவர், புரோநோட்டுக் கடனுக்காக வந்த சம்மனை என்னிடம் காட்டினார். “வக்கீல் வைக்கப் பணமில்லை, போகாமலே இருந்துவிட்டால் என்ன?” என்றார்.

மாணவ நேயர்களே, அதுவே பெருந்தவறு. பிரதிவாதி வாராவிடின், வாதியின் கூற்றை மட்டும் கேட்டு நீதிமன்றம் ஒருதலைத் தீர்ப்பு வழங்கிவிடலாம். தம் வழக்கைத் தாமே நடத்த 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடந்தருகிறது. சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலுரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை நீதிமன்றம் பொறுக்கும்.

“வழக்கு முழுதும் பொய்” என்று ஒரே வரியில் எழுதுவது பயன்படாது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்! பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே விடை கூற வேண்டும். குறிப்பாக மறுக்கப்படாத செய்தி, ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும்.

தேதியும் முக்கியம். கேட்டவுடன் செலுத்த வேண்டிய நோட்டுக்கு, 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளே கெடு. அதற்குள் ஒரு தொகை செலுத்தி, கடனாளி கையொப்பத்துடன் வரவு எழுதியிருந்தால், அந்நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

பிராதுடன் வந்த நகலைப் புரட்டினேன். நண்பரே பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். வழக்கும் கெடுவுக்குள் தொடரப்பட்டிருந்தது. ஆகவே அவர் கடனை மறுக்கவில்லை. செலுத்திய தொகையை ரசீதுகளுடன் காட்டி, மீதியைத் தவணையில் கட்ட அனுமதி வேண்டிப் பதிலுரை எழுதினார்.