மூக்கு மருந்து மார்பைக் காக்குமா?

இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி

தும்மினால் "நூறு ஆயுசு" என்று வாழ்த்துவது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் கணக்கின்படி மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றிலேயே எனக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் சேர்ந்துவிடும். பாயை உதறும்போது தொடங்கும் தும்மல் இருபதுக்குக் குறையாது. பிறகு மூக்கில் நீர் வடியும், கண் அரிக்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும். சில இரவுகளில் மார்பில் விசில் போன்ற ஒலியும் சேர்ந்துகொள்ளும். முன்னதற்கு ஒவ்வாமை மூக்கழற்சி என்று பெயர். பின்னது இலேசான ஆஸ்துமா. எங்கள் ஊரில் இவற்றைச் சளி என்றும் இழுப்பு என்றும் சொல்வார்கள். சளி யாருக்கும் வரலாம். இழுப்பு உள்ள பெண் என்று பெயர் வந்துவிட்டால் வரன் அமைவது கடினம்.

மருத்துவர் எனக்கு இரண்டு மருந்துகள் தந்தார். ஒன்று மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. மற்றொன்று வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர். இரண்டிலும் இருப்பது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த மருந்துதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மருந்துப் பெட்டியின் பொடி எழுத்துகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே. நான் படித்துச் சொன்னவற்றுள் அம்மாவுக்குப் பிடித்தது மூக்கு மருந்து. "சளிக்கு" என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இன்ஹேலர் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டு வாரத்தில் மூக்கு திறந்தது. மார்பும் இலேசானது போலவே இருந்தது. இரண்டும் ஸ்டீராய்டுதானே, மூக்கு வழியாகப் போனால் என்ன, வாய் வழியாகப் போனால் என்ன என்று, அறிவியல் மாணவி என்ற கர்வமும் சேர, இன்ஹேலரை நானே நிறுத்திவிட்டேன். தை மாதத்தில் ஓர் இரவு மூச்சு முட்டியது. அப்பா பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி என்னை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

மூக்கு மருந்தால்தான் மார்பு இலேசாயிற்று என்பது எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டபோது, அவர் கணிப்பொறியில் சில ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

என் எண்ணம் முற்றிலும் அசட்டுத்தனமானது அன்று என்பதைக் கண்டு முதலில் சற்று ஆறுதல் அடைந்தேன். மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதையின் இரு முனைகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 2001-இல் வெளிவந்த 'ஏரியா' என்னும் அறிக்கை இக்கருத்தையே வலியுறுத்துகிறது. மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. அது அடைபட்டால் குளிர்ந்த காற்று வாய் வழியாக நேரே உள்ளே போகிறது. அப்படியானால் மூக்கைச் சீராக்கினால் மார்பும் சீராகலாம். ஆகலாம் என்பது வேறு, ஆகிறது என்பது வேறு.

மனிதர்களாகிய நாம் எளிதில் ஏமாறுகிறவர்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம்; உச்சத்தில் உள்ளது தானாகவே கொஞ்சம் இறங்கும்; அந்தப் பெருமை மருந்துக்குப் போய்விடுகிறது. பருவம் மாறினாலும் அப்படியே. மருந்து போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடுவதும் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் மருந்தில்லாத போலி ஸ்பிரே ஒன்றையும் தயாரிக்கிறார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாக முடிவு செய்கிறார்கள். அடித்துக்கொள்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. சில ஸ்டீராய்டு ஸ்பிரேக்களில் சேர்க்கப்படும் ஒரு பொருளுக்கு ரோஜாப்பூ மணம் உண்டு. போலியிலும் அதே மணம் இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்! போலி மருந்து பெற்றவருக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று நானும் பயந்தேன். உடனே மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் போன்ற மருந்தை இத்தகைய சோதனைகளில் கையோடு கொடுத்தே வைக்கிறார்கள்.

மார்பின் நிலையை அளக்கும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? இதுவும் அதைப் போன்றதே. மெத்தகோலின் என்பது மூச்சுக்குழலைச் சுருக்கும் பொருள். மிக நீர்த்த கரைசலில் தொடங்கி, படிப்படியாகச் செறிவைக் கூட்டி நோயாளியை முகரச் செய்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் முழு மூச்சு இழுத்து ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றின் அளவைக் கருவியில் பார்க்கிறார்கள். அந்த அளவு எந்தச் செறிவில் 20 விழுக்காடு குறைகிறதோ அதுவே முடிவுநிலை. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழல் தொட்டாற்சிணுங்கி. மிகக் குறைந்த செறிவிலேயே சுருங்கிவிடும். சிகிச்சைக்குப் பின் அதிகச் செறிவு தேவைப்பட்டால் மூச்சுக்குழலின் சிணுங்கல் குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கே "இலேசானது போலிருந்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

1993-இல் கனடாவின் வின்னிபெக் நகர ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாண்டு வெளியிட்ட கட்டுரை என் நிலைக்கு மிக நெருக்கமானது. மூக்கழற்சியும் இலேசான ஆஸ்துமாவும் உடைய 21 பேருக்கு பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரங்களும், போலியைச் சில வாரங்களும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. மருந்து பெற்ற காலத்தில் மாலை நேர ஆஸ்துமாத் தொல்லை குறைந்தது. மெத்தகோலினுக்கு மூச்சுக்குழல் சிணுங்குவதும் குறைந்தது. மூக்கில் அடித்த மருந்து மார்புக்குள் வழிந்துவிட்டதோ என்ற ஐயத்தையும் அவர்கள் விடவில்லை. கதிரியக்க அடையாளமிட்டுப் பார்த்தபோது மார்புப் பகுதியில் தங்கியது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இதைப் படித்தபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த இன்ஹேலர் அங்கேயே இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் 21 பேர் மிகச் சிலரே. செய்முறைத் தேர்வில்கூட ஒரே ஓர் அளவீட்டை எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வதில்லை. 2003-இல் இத்தகைய 14 சோதனைகளை, மொத்தம் 477 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆஸ்துமாவுக்கு நன்மை இருப்பது போன்ற சாயல் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தைக் கடக்கவில்லை. 2005-இல் வெளிவந்த மற்றொரு சோதனை மகரந்தக் காலத்தில் 262 பேரிடம் நடந்தது. மூக்குக்கு மட்டும், மார்புக்கு மட்டும், இரண்டுக்கும், இரண்டுக்கும் போலி என நான்கு பிரிவுகள். மூக்கு மருந்து மூக்குக்கு உதவியது. மார்புக்கான நன்மை இன்ஹேலர் மருந்து பெற்றவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. 2015-இல் அமெரிக்காவில் 237 பெரியவர்களுக்கும் 151 சிறுவர்களுக்கும் 24 வாரம் மொமெட்டசோன் ஸ்பிரேயோ போலியோ கொடுத்துப் பார்த்தபோதும் ஆஸ்துமாக் கட்டுப்பாட்டில் வேறுபாடு காணவில்லை. அவர்களுடைய ஆஸ்துமா என்னுடையதைவிடக் கட்டுக்கடங்காதது என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும் மூக்கு மருந்து இன்ஹேலரின் இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல இவற்றுள் எதுவும் துணை வரவில்லை.

ஸ்டீராய்டு என்றாலே அஞ்சும் தோழியருக்கு ஒரு கணக்கு. ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேயை ஒரு நாசிக்கு இரு முறை வீதம் பெரியவர் ஒருவர் அடித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம்; அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்டீராய்டு மாத்திரைகளை முழு மில்லிகிராம்களில் விழுங்குகிறோம். அவை உடல் முழுவதும் போகும். ஸ்பிரே பெரும்பாலும் பட்ட இடத்திலேயே வேலை செய்கிறது. அதுவும் உடனே அன்று. நன்றாகப் பலன் தெரிய நாள்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

அடிக்கும் முறையிலும் நான் தவறு செய்துகொண்டிருந்தேன். நடுத்தண்டை நோக்கி அடித்தால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும். தலையைச் சற்றுக் குனிந்து, இடது நாசிக்கு வலக்கையாலும் வலது நாசிக்கு இடக்கையாலும் பிடித்து, முனையை வெளிப்பக்கச் சுவர் நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். இன்ஹேலர் மருந்தை இழுத்த பின் வாயைக் கொப்புளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் வெண்படலம் போன்ற பூஞ்சை பிடிக்கலாம்.

மூக்கு மருந்தை இப்படி அடித்துக் காட்டியபோது அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி, "சரி, இதை எப்படி இழுக்கணும்னு காட்டு" என்றாள்.