திறமைக்கும் சாட்சி வேண்டும்

தோட்டப் பாட்டாளியின் பிள்ளை தன் திறமையைக் கொண்டே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போக முடியுமா? முடியும். ஆனால் திறமை மட்டும் போதாது. அதற்கு எழுத்திலே சாட்சி வேண்டும். குனோங் ராபாட்டிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் பெற்றோர்களே, இதைச் சற்றுக் கவனியுங்கள்.

காகிதத்தின் அருமை நமக்குப் புதிதல்ல. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாதென்று ஆயிற்று. பால் வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள்கூடச் சிவப்பு அடையாளக் கார்டோடு பெர்மிட்டுக்குக் காத்து நின்றார்கள். பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திரும்பிப் போனார்கள். ஆயுள் முழுதும் உழைத்த உழைப்பு அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1990-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் ‘ஓ-1’ என்ற விசாவை ஏற்படுத்தியது. அசாதாரணத் திறமை உடையவர்களுக்கென்றே உள்ள விசா அது. விஞ்ஞானம், கல்வி, வியாபாரம், விளையாட்டு ஆகிய துறைகளில் நோபல் போன்ற பெரும் பரிசு பெற்றிருந்தால் அந்த ஒன்றே போதும். மற்றவர்கள் எட்டுவகைச் சான்றுகளில் மூன்றையாவது காட்ட வேண்டும். தேசிய, அனைத்துலகப் பரிசுகள், தேர்ந்தவர்களை மட்டுமே சேர்க்கும் சங்கத்தில் அங்கத்துவம், பத்திரிகையில் வந்த செய்தி, பிறர் திறமைக்கு நடுவராக இருந்தது, துறைக்குச் செய்த புதிய பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரை, பேர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம் ஆகியவையே அந்த எட்டு. நாதஸ்வரம், பரதம் போன்ற கலைகளுக்குத் தனி விதிகள் உண்டு.

மூன்றைக் காட்டிவிட்டால் விசா நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் முடிவு செய்வார்கள். மாவட்டப் போட்டியில் வாங்கிய கேடயம் போதாது. ஆனால் தேசியப் போட்டிக்கு அதுவே முதற்படி.

விண்ணப்பத்தை நாமே போட முடியாது. அமெரிக்காவிலுள்ள முதலாளியோ ஏஜெண்டோதான் போட வேண்டும். முதலில் மூன்றாண்டு வரை அனுமதி கிடைக்கும். மனைவி மக்கள் உடன் போகலாம். ஆனால் அந்த அனுமதியில் அவர்கள் வேலை செய்ய முடியாது. ஆகவே, “பணம் கொடுங்கள், ஓ-1 வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வாசலுக்கு வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களையும் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஒரு ஃபைல் போடுங்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்க வேண்டாம். பரிசுச் சான்றிதழ், பயிற்சியாளர் தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடிதம், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் அதில் சேருங்கள். செய்தியை வெட்டும்போது பத்திரிகையின் பெயரும் தேதியும் போய்விடாமல் வெட்டுங்கள். தமிழிலோ மலாயிலோ வந்த செய்தியானாலும், உறுதிசெய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுக்கலாம்.

அமெரிக்கா போகாவிட்டாலும் நஷ்டமில்லை. பல்கலைக்கழகத்துக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் மனுப் போடும் நாளில் அதே ஃபைல் உதவும். நம் முன்னோர் கையில் இல்லாமற்போன காகிதம் நம் பிள்ளைகள் கையிலாவது இருக்கட்டும்.