நேத்து வாங்கின தக்காளி இன்னிக்கு ஏன் அழுகுது?

"என்னங்க இது... முந்தாநாள்தானே ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தீங்க? அதுக்குள்ள பாதி கொழகொழன்னு ஆயிடுச்சே! பார்த்து வாங்கக் கூடாதா?"

"நல்லா பார்த்துதாம்மா வாங்கினேன். அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

உங்கள் வீட்டிலும் இந்த வசனம் கேட்டிருக்கும். நீங்கள் கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். அவர் மண்டியைக் கைகாட்டுகிறார். மண்டிக்காரரோ, "லாரியே லேட்டுங்க" என்கிறார். உண்மையில் அந்தத் தக்காளிக்கு அடி விழுந்தது இரண்டு மூன்று நாளைக்கு முன்பே. அடி பட்டபோது வெளியே தெரியவில்லை. உங்கள் கூடைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்!

பறித்த பிறகும் மூச்சு!

செடியிலிருந்து பறித்ததும் காயின் உயிர் போய்விட்டது என்று நினைக்கிறோம். இல்லை. அது மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. பிராணவாயுவை இழுத்து, தன்னிடம் இருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியே விடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். வேரிலிருந்து தண்ணீர் வருவதும் நின்றுபோனதால், கையிருப்பு தீரத் தீர காய் சுருங்கி வாடுகிறது. ஆகவே வெயில்தான் அதற்கு முதல் எதிரி. இரண்டாவது எதிரி, காயம். தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், பூஞ்சைக்கு அதுவே வாசல்!

தோட்டம் முதல் தெருமுனை வரை

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கோயம்பேட்டுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தக்காளியின் கூடவே நாமும் ஒருமுறை வந்து பார்ப்போமா?

காலையில் பறித்து நிழலில் வைத்தால் நல்லது. கூலி ஆள் கிடைக்காமல் பறிப்பு மதியம் வரை இழுத்தால், வெயிலின் சூட்டோடுதான் காய் பெட்டிக்குள் போகும். பெட்டி விளிம்பையும் தாண்டிக் குமித்து, அதன் மேல் இன்னொரு பெட்டியை அடுக்கினால் மேல்வரிசைக் காய்கள் நசுங்கும். லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும்போது காயோடு காய் உரசும். தார்ப்பாய்க்குள் காற்று போக வழி இருக்காது. சந்தையில் இறக்கி, ஏலம் போய், மறுபடி ஏற்றி, கடையில் கொட்டி... கடைசியாக நாம் வருகிறோம். பத்து காயை அழுத்திப் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துக்கொள்கிறோம். மீதி எட்டிலும் நம் கட்டைவிரலின் அடையாளம்! அதை வாங்கிப் போகிற வீட்டில் நாளைக்கு அதே சண்டை.

நூறு கிலோவுக்குப் பன்னிரண்டு

இந்த இழப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியில் வீணாவது 12.44 சதவீதம். கொய்யாவில் 15.88 சதவீதம். நபார்டின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் 2022-ல் கொடுத்த அறிக்கையில் தக்காளிக்கு 11.61 சதவீதம். ஏழு ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. உங்கள் வீட்டில் அழுகுவது இந்தக் கணக்கில் வராது. அது தனி!

"வீணாப் போனா வியாபாரிக்குத்தானே நஷ்டம்?" என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கிலோ 20 ரூபாய் என்று 100 கிலோ வாங்குகிறார். அடக்கம் 2,000 ரூபாய். 12 கிலோ குப்பைக்குப் போகிறது. மீதி 88 கிலோவில்தான் அந்த 2,000 ரூபாயை எடுத்தாக வேண்டும். லாரி வாடகை, கூலி எதுவும் சேர்க்காமலே கிலோ 22 ரூபாய் 70 காசைத் தாண்டிவிடுகிறது. குப்பைக்குப் போன தக்காளிக்கும் காசு கொடுப்பது நீங்கள்தான். வியாபாரி இந்தச் சேதாரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு விலை கேட்பதால், விவசாயிக்கும் அதில் அடி.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் விலை சரிந்தது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைக் கொட்டிய விவசாயிகளையும் அதே ஆண்டில்தான் பார்த்தோம். சில நாள் தாங்கினால் விற்றுவிடலாம். ஆனால் தக்காளி தாங்காதே!

விலை ஏறினால் வீட்டில் முதலில் வெட்டு விழுவது காய்கறிக்குத்தான். 10 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தினம் 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல்! உருளைக்கிழங்கு இதில் சேர்த்தி இல்லை. வாங்கினதிலும் கால்வாசி அழுகினால் உடம்புக்கு என்ன மிஞ்சும்? அழுகும் வரை சத்து அப்படியே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கீரை வாட வாட அதிலுள்ள வைட்டமின் 'சி' குறைந்துகொண்டே வரும்.

குளிர்சாதன அறை கட்டினால் தீர்ந்துவிடுமா?

முழுக்கத் தீராது. நம் நாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கே போய்விடுகிறது. தவிர, செங்காய்த் தக்காளியைக் கடுங்குளிரில் வைத்தால் சரியாகப் பழுக்காமல் கெட்டுவிடும். காலையில் பறிப்பு, உடனே நிழல், அளவாக நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டி, குறைந்த கைமாற்றல் – இந்தச் சாதாரண விஷயங்களே சேதாரத்தை நன்றாகக் குறைக்கும். 1999-ல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தையில் விவசாயியே நேராகக் கொண்டுவந்து விற்கிறார். உங்கள் ஊரில் இருந்தால் காலையிலேயே ஒரு நடை போய் வாருங்கள். உடம்புக்கும் நல்லது!

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* அழுத்திப் பார்க்காதீர்கள். நிறத்தையும் காம்புப் பக்கத்தையும் பாருங்கள். காம்படியில் கசிவோ கறுப்போ இருந்தால் வேண்டாம்.

* பாதி பழுத்தது, பாதி செங்காய் என்று கலந்து வாங்குங்கள். முதலாவது இன்றைக்கு, இரண்டாவது நாலு நாளைக்கு.

* கோணல் காய், சின்னக் காயை ஒதுக்காதீர்கள். ருசியிலும் சத்திலும் குறைவில்லை.

* வந்ததும் கழுவி வைக்காதீர்கள். ஈரம் அழுகலை அழைக்கும். பையோடு வைக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்புங்கள். நன்றாகப் பழுத்ததை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

* வாழைப்பழம், தக்காளி, மாம்பழம் இவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். கீரையைப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

* இன்று நசுங்கிய தக்காளியை இன்றே தொக்கு ஆக்கிவிடலாம். ஆனால் பூஞ்சை பிடித்ததை 'அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டா போச்சு' என்று பயன்படுத்தாதீர்கள். சாறுள்ள மென்மையான காயில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழுசாகத் தூக்கிப் போடுங்கள்.

சரி, சமையலறையில் இப்போது கட்டிவைத்த பை ஏதாவது இருக்கிறதா? முதலில் போய் அதைப் பிரித்துத் தட்டில் பரப்புங்கள். கெட்டது ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவை வார முழுக்க ரசத்துக்கு வரும். இன்னொரு நாள் வாக்குவாதமும் மிச்சம்!