மறுப்புக் கடிதம் முடிவு அல்ல



ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் கோவில் வாசலில் தயங்கி நிற்கும் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மருத்துவச் சீட்டுகள், அவற்றின் நடுவே ஒரு கடிதம். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க ஃபாதர்" என்பார்கள். உதவித்தொகைக்குத் தகுதியில்லை என்றோ, ஊனம் இத்தனை விழுக்காடுதான் என்றோ அதில் எழுதியிருக்கும். புழலிலிருந்து மாதவரம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று ஷிப்டு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இது புதிய காட்சி அல்ல. "அவங்களே இல்லன்னு சொல்லிட்டாங்க, இனி என்ன செய்ய முடியும்?" என்று பலர் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் முடிவு அல்ல. அதற்கு மேலும் படிகள் உண்டு என்பதை இன்று நாம் அறிந்துகொள்வோம்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளருக்காக 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். 2019 ஜூலை முதல் தொழிலாளரின் ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு செலுத்துகிறார். நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடும், வேலையில் காயம்பட்டுத் தற்காலிகமாக முடங்கினால் 90 விழுக்காடும் கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் வாழ்நாள் முழுவதும் மாத உதவி உண்டு. ஆகவே இது யாரோ இரங்கிப் போடும் பிச்சை அல்ல. நம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு ஈடாக வரும் உரிமை.

மறுப்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, "சந்தா நாட்கள் போதவில்லை" என்பது. நோய் உதவி பெற, ஆறு மாதக் காலம் ஒன்றில் 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். ஆனால் சட்டம் கேட்பது செலுத்தப்பட்ட சந்தாவை மட்டும் அல்ல, செலுத்தப்பட வேண்டிய சந்தாவை. நாம் வேலை பார்த்திருந்தும் காண்ட்ராக்டர் பணம் கட்டாமல் விட்டிருந்தால், அந்தத் தவற்றின் சுமை தொழிலாளி தலையில் விழக்கூடாது. சம்பளச் சீட்டும், வருகைப் பதிவும், வங்கிக் கணக்கில் ஊதியம் ஏறிய விவரமும் அதற்குச் சாட்சி. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இந்த 78 நாள் கணக்கே தேவையில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு.

இரண்டாவது, "ஊனம் குறைவு" என்பது. இதை மெடிக்கல் போர்டு என்னும் மருத்துவக் குழு முடிவு செய்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, அதன் ஒரு கணு போனால் 9, நுனி மட்டும் போனால் 5 என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் உள்ளவருக்கு 5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 675 ரூபாய். 9 விழுக்காடு என்றால் 1,215 ரூபாய். காகிதத்தில் இது சின்ன வித்தியாசம். மாதாமாதம், வாழ்நாள் முழுவதும் என்றால் அது ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும். அட்டவணையில் இல்லாத காயங்களுக்குச் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கப்படும். பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சருக்கு 1975-இல் உச்ச நீதிமன்றம் இழப்பு முழுமையானது என்றே கூறியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம்.

மூன்றாவது, "விபத்து கம்பெனிக்கு வெளியே நடந்தது" என்பது. 1971-இல் கேரளத் தொழிலாளர் ஒருவர் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது, தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. காப்பீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 1996-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் 2010-இல் சட்டமே திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு தொடர்புடையதானால் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். 2003-இல் பணிக்குப் போகும் வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பத்துக்கும் இந்தக் கொள்கை பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பம் காத்திருந்தது 22 ஆண்டுகள்!

இனி படிகளைக் காண்போம். மருத்துவக் குழுவின் முடிவு சரியில்லை என்றால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கிருந்து தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அல்லது நேராகவே அந்த நீதிமன்றத்தை அணுகலாம். சந்தா போன்ற மற்றப் பிணக்குகளும் அங்கேதான் தீர்க்கப்படும். அதற்கு மேல், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் உயர் நீதிமன்றம். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தப் படிகளை அப்படியே வைத்துள்ளது. மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பழைய விதிகள் தந்த அவகாசம் மூன்று மாதம். அதையே நம் எல்லையாகக் கொண்டு, அதற்கும் முன்பே மனு கொடுப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மாத உதவி சிறியதாக இருந்தால் அதை மொத்தத் தொகையாக மாற்றித் தரக் கேட்கலாம். கடன் நெருக்கும்போது அது பெரிய ஆறுதலாகத் தோன்றும். ஆனால் அப்படி விண்ணப்பித்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டால், மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை போய்விடும். விழுக்காட்டில் நமக்கு நிறைவு இல்லையென்றால், கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடிதம் வந்த உறையைக்கூட எறிந்துவிடாதீர்கள். கடிதம் கைக்கு வந்த நாளை அதன்மேல் குறித்து வையுங்கள். விபத்து நடந்த அன்றே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், பெண்களுக்கும், ஊனமுற்றோருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச சட்ட உதவி உண்டு.

செசரியாவில் ஆளுநர் பெஸ்துவின் முன் நின்ற பவுலை நினைத்துப் பார்ப்போம். எருசலேமுக்குப் போய் விசாரணைக்கு உட்பட விருப்பமா என்று ஆளுநர் கேட்டபோது, உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்டு அவர் சீசரிடம் மேல்முறையீடு செய்தார் (திப 25). சிலுவையைச் சுமக்கத் தயங்காத அந்தத் திருத்தூதர், தமக்குரிய நீதியைக் கேட்கவும் தயங்கவில்லை. பொறுமை என்பது வாய் மூடிக் கிடப்பது அல்ல.

வரும் அன்பியக் கூட்டத்தில் நாம் ஒரு கேள்வி கேட்போம்: "உங்கள் வீட்டுப் பீரோவில் அப்படி ஒரு கடிதம் மடித்துக் கிடக்கிறதா?" இருந்தால் எடுத்து வரட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்வோம், தேதியைப் பார்ப்போம், அலுவலகம் வரை உடன் நடப்போம். காயம்பட்ட கையோடு ஒருவர் தனியே படியேறாமல் பார்த்துக்கொள்வதும் நம் பங்கின் பணியே.