ஐந்நூறு மைல் ஓட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இந்தியானாப்பொலிஸ் நகரில், வழக்கமாக மே மாத இறுதியில், உலகப் புகழ் வாய்ந்த மோட்டார்ப் பந்தயம் ஒன்று நடைபெறுகின்றது. பந்தயத் தூரம் 500 மைல். ஆயினும் ஓடும் கார்கள் அந்நகரை விட்டு எங்கும் செல்வதில்லை. இரண்டரை மைல் நீளமான நீள்வட்டப் பாதையை 200 முறை சுற்றி வருவதே பந்தயம்.

வழக்கமாகப் போட்டியிடுவன 33 கார்கள். இவற்றின் சக்கரங்களுக்கு மேல் மூடி கிடையாது. ஒன்றன் சக்கரம் மற்றொன்றன் சக்கரத்தில் உரசினால் கார் துள்ளி எழுந்து தடம் புரளக்கூடும். வளைவுகள் யாவும் இடப்புறமே திரும்புவதால், காரின் பாரம் வலப்புற ரயர்களையே ஓயாது அழுத்துகின்றது. எனவே, வேகத்தைக் காட்டிலும் தாங்கும் ஆற்றலே இங்கு பெரிதும் சோதிக்கப்படுகின்றது.

முதலில் இச்சோதனைக்கு உள்ளானது பாதையே. 1909 ஆம் ஆண்டில் கல்லும் தாரும் இட்டு அமைக்கப்பட்ட பாதை, தொடக்கப் பந்தயங்களிலேயே பெயர்ந்து போயிற்று, உயிர்களும் பலியாயின. அவ்வாண்டிலேயே ஏறக்குறைய 32 இலட்சம் செங்கற்களைப் பதித்துப் புதுப் பாதை அமைத்தனர். இன்று தார் மூடிய அப்பாதையில், முடிவுக் கோட்டருகே ஒரு யார் அகலத்துக்கு மட்டும் செங்கல் காணப்படுகின்றது.

1911 இல் நடந்த முதலாவது 500 மைல் பந்தயத்தில் ரே ஹரூன் வென்றார். ஏனையோர் பின்னால் வரும் கார்களைக் கவனிப்பதற்கென ஒரு மெக்கானிக்கை உடன் அமர்த்தியிருந்தனர். ஹரூனோ காரில் தனியே அமர்ந்து, பின்புறத்தைக் காட்டும் கண்ணாடி ஒன்றைத் தம் முன்னே பொருத்திக்கொண்டார். ரயர்கள் தேய்ந்துவிடாவண்ணம் வேகத்தை அளவோடு வைத்திருந்தார். ஓட்டம் முடிவதற்கு 6 மணி 42 நிமிடம் சென்றது. அதே தூரத்தை 2021 இல் ஹீலியோ கஸ்ட்ரோநெவஸ் 2 மணி 37 நிமிடத்தில் கடந்தார்.

எனினும், இப்பந்தயத்தின் இயல்பை நன்கு விளக்குவது 1912 ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. ரால்ஃப் டிபால்மா என்பவர் 196 சுற்றுகளில் முன்னணியில் நின்றார். வெற்றி அவருக்கே என்று யாவரும் எண்ணியிருக்கையில், இரு சுற்றுகள்கூட எஞ்சியிராத வேளையில், அவருடைய எஞ்சின் பழுதுற்றுக் கார் நின்றுவிட்டது. அவரும் அவருடைய மெக்கானிக்கும் இறங்கிக் காரைக் கையால் தள்ளத் தொடங்கினர். மக்கள் ஆரவாரித்தனர். இறுதி இரு சுற்றுகளில் மட்டுமே முன்னணியில் இருந்த ஜோ டோசன் பரிசைப் பெற்றார்.

டிபால்மா மனம் தளர்ந்தாரல்லர். 1915 இல் மீண்டும் முன்னணியில் நின்றபோது, கடைசிச் சுற்றுகளில் எஞ்சின் மறுபடியும் பழுதுற்றது. ஆயினும் இம்முறை கார் முடிவுக் கோடு வரை தாங்கிற்று. வெற்றியும் அவருக்குக் கிட்டிற்று.