ஜீனோம் உலாவியும் இடக்குறிப்பும்

விழா மலரொன்று கைக்கு வந்ததும் பழைய மாணவர் முதலிற் செய்வது யாதென்பதை நாமறிவோம். தம் வகுப்புப் படம் அச்சிடப்பட்ட பக்கத்தைத் தேடியெடுத்து, அதிலொரு காகிதத் துண்டைச் செருகி வைத்து, வீட்டாரையெல்லாம் அழைத்துக் காட்டுவர். அயலூரிலுள்ள நண்பரிடம் அம்மலரின் வேறொரு பிரதி இருக்குமாயின், "நாற்பதாம் பக்கத்தைப் பாரும்" என்று சொல்லியனுப்பினாற் போதும். இரண்டும் ஒரே பதிப்பாதலால் நாற்பதாம் பக்கம் இரண்டிலும் ஒன்றே. பதிப்பு மாறியிருந்தாலோ அச்சொல் அவரை வேறெவருடைய படத்துக்கோ கொண்டு சேர்க்கும். இதனை மனத்திற் கொண்டோர்க்கு நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் பாதி விளங்கிவிட்டதெனலாம்.

மனிதனது டி.என்.ஏ. ஏ, சீ, ஜீ, ரீ என்னும் நான்கு எழுத்துக்களாற் குறிக்கப்படும் மூலங்களின் நெடுந்தொடராகும். ஒரு தொகுதியில் அவ்வெழுத்துக்கள் ஏறக்குறைய 310 கோடி. இம்முழுத் தொகுதியையே ஜீனோம் என்பர். அது நிறமூர்த்தங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நிறமூர்த்தங்களிற் பரம்பரையலகுகள் அமைந்துள்ளன. (தமிழகத்தார் இவற்றை முறையே குரோமோசோம் எனவும் மரபணு எனவும் வழங்குவர். எம் நாட்டுப் பாடநூல்களிற் பயின்ற சொற்களையே நாம் இங்கு ஆளுகின்றோம்.) மனித ஜீனோமின் முதல் வரைவைக் கலிபோர்ணியாப் பல்கலைக் கழகத்தின் சான்ரா குறூஸ் பிரிவினர் 2000 ஆம் ஆண்டு யூலை 7 ஆந் திகதி இணையத்தில் எவரும் பெறுமாறு வெளியிட்டனர். அவ்வரைவைப் பொருத்திச் சேர்ப்பதற்கான நிரலை எழுதிய ஜிம் கென்ற் என்பவரே, அதனைக் கண்ணாற் கண்டு உலாவுதற்கான உலாவியையும் ஆக்கினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகருக்கு அணித்தான ஹிங்ஸ்ரன் என்னுமிடத்திலிருந்து 'என்செம்பிள்' என்னும் உலாவியும், அமெரிக்காவின் புறோட் நிலையத்திலிருந்து 'ஐ.ஜீ.வி.' என்பதும் எழுந்தன. இவற்றைக் கொண்டு, நிலப்படத்தில் ஊரைத் தேடுவதுபோல், எந்நிறமூர்த்தத்தின் எவ்விடத்தையுந் திரையில் விரித்துக் காணலாம்.

கண்ட இடத்தைக் குறித்து வைத்தற்கும் பிறர்க்கு அனுப்புதற்கும் இவ்வுலாவிகளில் வழிகளுண்டு. ஐ.ஜீ.வி.யில் வேண்டிய பகுதியைத் தெரிந்து அடையாளமிடலாம். அது செந்நிறப் பட்டையாகத் தோன்றும். அவ்வாறு குறித்தவற்றையெல்லாம் ஒரு பட்டியலாகக் காணலாம். 'பெட்' என்னும் வடிவிலமைந்த சிறு கோப்பாக வெளியே எடுத்தும் அனுப்பலாம். சான்ரா குறூஸ் உலாவியில் ஒருவர் தாம் காணும் இடம், பதிப்பு, திரையில் விரித்து வைத்த தரவு வரிசைகள் ஆகியவற்றை ஓர் 'அமர்வாக'ப் பெயரிட்டுச் சேமித்து, அதற்குரிய இணைப்பை நண்பருக்கு அனுப்பினால், நண்பரது திரையிலும் அதே காட்சி விரியும். இவையெல்லாம் அரைமணி நேரத்திற் பழகக்கூடியவை. இடர்ப்பாடு வேறிடத்திலுள்ளது.

நம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் இன்று கடல்கடந்த நாடொன்றில் ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றுகின்றார். உயர்தர வகுப்பு மாணவருக்கு அரிவாட்கலச் சோகை பற்றிக் கற்பிக்க முற்பட்ட யாம், அந்நோய்க்குக் காரணமான எழுத்து ஜீனோமில் எங்குளதெனக் குறித்தனுப்புமாறு அவரை வேண்டினோம். அவர் ஒரே வரியில் விடை தந்தார்: "11 ஆம் நிறமூர்த்தம், 5,248,232." யாமும் உலாவியைத் திறந்து அவ்வெண்ணை இட்டோம். திரையில் வந்து நின்றது காமா குளோபின் பரம்பரையலகுகளுள் ஒன்றின் விளிம்பு. காமா குளோபின் என்பது கருப்பையிலுள்ள சிசுவின் ஈமோகுளோபினுக்கு உரியது. முன்வரிசையிலிருந்த மாணவரொருவர் எழுந்து, "சேர், புத்தகத்தில் பீற்றா குளோபின் என்றல்லவா இருக்கிறது?" என்றார். நண்பர் மீது யாங்கொண்ட மதிப்பினால், அவர் ஏதோ காரணம் பற்றியே அவ்விடத்தைத் தெரிந்தனரென்று எண்ணி, சிசுவின் ஈமோகுளோபின் மிகுந்திருப்போர்க்கு இந்நோயின் கடுமை தணியும் என்னும் உண்மையை எடுத்து அரைமணி நேரம் விரித்துரைத்தோம். சொன்னது உண்மை, நின்ற இடந்தான் பிழை. அவ்வெண் முற்றிலும் புறம்பானவோரிடத்திற் கொண்டு விட்டிருந்தாற் பிழையை உடனே கண்டிருப்போம். குளோபின் குடும்பத்துள்ளேயே விட்டமையால் ஏமாந்தோம்.

நிகழ்ந்தது இதுவே. ஜீனோம் ஒருமுறை படித்து முடிக்கப்பட்ட நூலன்று. விடுபட்ட பகுதிகள் நிரப்பப்பட்டும் பிழைகள் திருத்தப்பட்டும் புதிய பதிப்புக்கள் வெளிவந்துள்ளன. 2009 ஆம் ஆண்டிற் போந்தது ஜீ.ஆர்.சி.எச். 37, இதனைச் சான்ரா குறூஸ் உலாவி எச்.ஜீ. 19 என வழங்கும். 2013 ஆம் ஆண்டு திசெம்பரிற் போந்தது ஜீ.ஆர்.சி.எச். 38, அன்றேல் எச்.ஜீ. 38. நண்பர் தந்த எண் முந்திய பதிப்புக்குரியது, யாந்திறந்தது பிந்தியது. பிந்திய பதிப்பில் அவ்வெழுத்தின் இடம் 5,227,002. இரண்டுக்கும் வேறுபாடு 21,230.

அங்ஙனமாயின் எல்லா இடங்களுக்கும் 21,230 ஐக் கழித்துவிடலாமோ வென மாணவர் வினவினர். ஆகாது. பீற்றா குளோபினுக்கு அண்மையில் எண்கள் இவ்வளவாற் குறைந்தன. 11 ஆம் நிறமூர்த்தத்தின் முழு நீளமோ 135,006,516 இலிருந்து 135,086,622 ஆக வளர்ந்தது. ஓரிடத்திற் குறைவு, மொத்தத்திற் கூடுதல். ஒரு பதிப்பின் எண்ணை மற்றதன் எண்ணாக மாற்றுதற்கு 'லிவ்ற் ஓவர்' என்னுங் கருவியைச் சான்ரா குறூஸ் பிரிவினரே தந்துள்ளனர். மனக்கணக்கை நம்பாது அதனையே நாடவேண்டும். இடையீடின்றி முழுமையாகப் படிக்கப்பட்ட வேறொரு மனித ஜீனோம் 2022 இல் வெளிவந்தமையால் இனி மூன்றாவது எண்ணொன்றும் உலவும்.

பதிப்பை எழுதிவிட்டால் மாத்திரம் ஐயம் ஒழியுமோவெனின், எண்ணத் தொடங்குமிடத்திலும் வேறுபாடுண்டு. உலாவியின் திரை முதலெழுத்தை ஒன்றென எண்ணும். 'பெட்' கோப்போ தொடக்கத்தைச் சூனியத்திலிருந்து எண்ணும். முடிவை அவ்வாறு எண்ணுவதில்லை. ஆகவே திரையில் 5,227,002 எனக் காணும் ஓரெழுத்து, கோப்பில் 5227001 தொடக்கம் 5227002 முடிவு என எழுதப்படும். கோப்பைக் கண்ணாற் பார்த்து முதலெண்ணை மாத்திரம் பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்துத் தவறுவர்.

ஓரெழுத்துத் தானே என்று இகழ்தல் கூடாது. இலங்கையிற் பீற்றா தலசீமியா நோய்க்குக் காரணமாகும் மாற்றங்களுட் பெருவழக்கானவற்றுள் ஒன்று, இதே பரம்பரையலகில், அரிவாட்கலச் சோகையின் எழுத்துக்கு 77 எழுத்துத் தள்ளி உளது. பீற்றா குளோபினின் முதலாம் இடைத்துண்டில் ஐந்தாம் எழுத்து அது. பிந்திய பதிப்பில் அதன் இடம் 5,226,925. அதற்கு அடுத்த ஆறாம் எழுத்து, 5,226,924 இல் உள்ளது. அங்கு நேரும் வேறொரு மாற்றம் பெரும்பாலும் மென்மையான நோயையே தருவது. ஐந்தாம் எழுத்தைக் குறித்த 'பெட்' கோப்பின் முதலெண் யாது? 5226924. அதனைத் திரையிலிட்டவர் ஆறாம் எழுத்தின்மேற் சென்று நிற்பர். கணவன் மனைவி இருவரும் தலசீமியாவைக் காவுவோராயின் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு நோய்வாய்ப்படக் கூடும். அத்தகையோர்க்கு மருத்துவர் கூறும் விடை எவ்வெழுத்து மாறியுளது என்பதையே பற்றி நிற்கின்றது. எழுத்து இன்னதிலிருந்து இன்னதாயிற்று என்பதையும் உடனெழுதியிருந்தால் கவனமுள்ளவர் பிழையைக் காண்பர். எண்ணை மாத்திரம் அனுப்பினாற் காண்பதெங்ஙனம்?

எழுத்தை எழுதுமிடத்தும் ஓர் எச்சரிக்கை வேண்டும். டி.என்.ஏ. ஈரிழையுடையது. உலாவியின் திரை ஓரிழையையே நேரிழையாகக் கொண்டு காட்டும். பீற்றா குளோபினோ எதிரிழையிற் படிக்கப்படுவது. ஆதலால் மருத்துவ நூல்கள் அரிவாட்கல மாற்றத்தை 'ஏ, ரீ ஆயிற்று' என்றெழுத, திரையில் 'ரீ, ஏ ஆயிற்று' என்று காண்கின்றோம். இரண்டும் ஒன்றே. எவ்விழை என்பதைக் குறியாவிடின் இருவர் வாதிட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கைத் தொல்லை புரத மட்டத்திலும் உண்டு. 1950 களில் வேர்ணன் இங்கிராம் இந்நோயில் ஆறாம் அமினோ அமிலமான குளூற்றமிக் அமிலத்தினிடத்தில் வலைன் உளதெனக் காட்டினார். தொடக்கத்திலுள்ள மெதையோனீனையுஞ் சேர்த்தெண்ணும் இக்கால முறையில் அது ஏழாவதாகும். (நீலகிரி மலைவாழ் மக்களிடையே இவ்வரிவாட்கலப் பண்பு உளதென்பதை லேமன், கற்புஷ் என்னும் இருவர் வெளியிட்டதும் அதே காலத்திலேயே, 1952 இல்.) பதிப்பு மாறினும் மாறாத பெயரொன்றும் உண்டு: அறிந்த மாற்றங்களைத் தொகுத்த அமெரிக்கத் தரவுத்தளத்தில் இவ்விடம் 'ஆர்.எஸ். 334' எனப்படும். ஊர்ப்பெயர் போல இதனையும் எண்ணுடன் சேர்த்தெழுதுதல் நன்று.

இனி, அமர்வைப் பகிர்தல் பற்றிச் சில கூறுவோம். ஐ.ஜீ.வி.யின் அமர்வுக் கோப்பில் தரவு இல்லை. தரவு எங்குளதென்னும் முகவரியே உண்டு. அத்தரவு நம் கணினியின் உள்ளறையில் இருக்குமாயின், அமர்வைப் பெற்ற நண்பர்க்கு வெறுந்திரையே கிட்டும். அலுமாரியை வீட்டில் வைத்துக்கொண்டு திறப்பை மாத்திரம் தபாலில் அனுப்பியதை இஃதொக்கும். சான்ரா குறூஸ் உலாவியில் நாமாக ஏற்றிய தரவு, அமர்விற் சேமிக்கப்படாவிடின், கடைசியாகப் பார்த்து 48 மணி நேரத்தில் நீங்கும். சேமித்த அமர்வையும் நிலையான களஞ்சியமாகக் கொள்ளாது, மூலத்தின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுமாறு அவர்களே அறிவுறுத்துகின்றனர். நோயாளியொருவரின் தரவை ஏற்றிய அமர்வாயின், பிறர் திறக்க இசைவு கொடுக்கப்பட்டுளதோ என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். அமர்வின் பெயரில் நோயாளியின் பெயரை எழுதிவைக்கும் பழக்கத்தை யாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். எழுத்துக்களாலேயே ஒருவரை இனங்காணக்கூடிய தரவுக்குப் பெயரையுஞ் சூட்டுவது இரட்டைத் தவறு.

நண்பருக்கு நிகழ்ந்ததை எழுதினோம். அவர் நாணியும் நகைத்தும் இரண்டாம் மடலொன்று விடுத்தார்: "மனிதன், ஜீ.ஆர்.சி.எச். 38, 11 ஆம் நிறமூர்த்தம், 5,227,002, ஒன்றிலிருந்து எண்ணியது, நேரிழையில் ரீ, ஏ ஆகும், ஆர்.எஸ். 334." அதனைப் பெரிய எழுத்தில் எழுதி உயிரியல் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். அன்று வினாவெழுப்பிய மாணவர் அதன்கீழ், தாம் உலாவியிற் சரிபார்த்த திகதியையும் எழுதி வைத்துள்ளார்.